கதவில் ஒட்டிய லைசென்ஸ்

கடைக்கு வருகிறவர்கள் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. காதம்மா என்றால்தான் தெரியும். காது மெஷின் விற்கிற கடையில் பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பள்ளிக்கூடம் முடித்த கையோடு போன் எடுக்கச் சேர்ந்தவள். அப்புறம் பேட்டரி மாற்றினாள். அப்புறம் காதுக்குள் ரோஸ் கலர் களிம்பை விட்டு அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டாள். கடைசியில் முதலாளியே ஃபீஸ் கட்டி டிப்ளமோ படிக்க வைத்தார். இப்போது ஒருவர் வாசலில் நின்று, "எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது, வீட்லதான் நச்சரிக்கிறாங்க" என்று சொல்லும் சத்தத்தை வைத்தே எந்தக் காது எவ்வளவு போயிருக்கிறது என்று பாதி கணக்குப் போட்டுவிடுவாள். மீதியைக் கம்ப்யூட்டர் போடும்.

பகல் முழுக்கக் காது மந்தமானவர்களோடு பேசிப் பேசி அவள் குரலும் அதற்கேற்ப வளர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார், சாது. "நான் நல்லாக் காது கேக்கற ஆளு, கொஞ்சம் மெதுவாப் பேசு" என்று அவரும் கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறார். பலன் பூஜ்யம்.

கடை சின்னதுதான். முன்னால் வரிசையாக நாற்காலிகள், மூலையில் ஒரு ஸ்பீக்கர். காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக அதில் பழைய பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். காது கேட்காதவர்கள் உட்காரும் இடத்தில் எதற்குப் பாட்டு என்று கேட்காதவர் இல்லை. கூட வந்தவர்களுக்குக் காது இருக்கிறதே என்பார் முதலாளி. ஒருமுறை பாட்டு உரிமையாளர்கள் சங்கத்திலிருந்து ஆள் வந்து, கடையில் பாட்டுப் போடக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொல்லிப் போனதிலிருந்து வருஷா வருஷம் கட்டி, கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கரும் ஒட்டிவிடுகிறார்கள். 'இங்கே இசை ஒலிக்க உரிமம் பெறப்பட்டுள்ளது' என்று அதில் போட்டிருக்கும். பின்னால் காது சோதிக்கும் அறை. சுவரெல்லாம் பஞ்சு, கனமான கதவு, ஒரே ஒரு நாற்காலி. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குக் கேட்கும்.

இந்தத் தொழிலில் பெரிய தலைவலி மெஷினை விற்பதல்ல. விற்ற மெஷின் வீட்டு டிராயருக்குள் போய்ப் படுத்துக்கொள்வதுதான். முதல் நாள் போட்டதும் குழாய்த் தண்ணீர் இரைகிறது, பேப்பர் மடிக்கிற சத்தம் காதைக் கிழிக்கிறது, ஸ்பூன் விழுந்தால் உயிர் போகிறது. பல வருஷம் சத்தமில்லாமல் இருந்த மூளைக்கு எது வேண்டிய சத்தம், எது வேண்டாதது என்று பிரிக்கத் தெரிவதில்லை. பழக வேண்டும். பழக யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அவளுடைய அண்ணனுக்கு அறவே இல்லை. லேத் பட்டறையில் காலமெல்லாம் நின்று காதைத் தொலைத்தவர். தங்கை காதுக்கடையிலேயே இருந்தும் மெஷின் வாங்க வைக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாங்கிய மெஷினும் சவரப் பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கியது. ஒருநாள் கடைக்கு வந்தவரை இழுத்து உட்கார வைத்து மெஷினை மாட்டிவிட்டாள். அந்த நேரம் ஸ்பீக்கரில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. பெண் குரலும் ஆண் குரலும் மாறி மாறி வரும், அவர் தலைமுறையில் தெரியாதவர் கிடையாது. அவர் கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தார். பிறகு தலையைச் சாய்த்தார்.

"புல்லாங்குழல் வருது பாரு," என்றார்.

அவளுக்குப் பொறி தட்டியது அங்கேதான். தெரியாத சத்தம் மெஷின் வழியாக வந்தால் வெறும் தகரச் சத்தம். தெரிந்த பாட்டு வந்தால், அது எப்படி இருக்க வேண்டும் என்று மனசுக்குத் தெரியும். மெஷின் விட்டதை மனசு நிரப்பிக்கொள்ளும். காது போவதற்கு முன்னால் கேட்ட பாட்டுதான் பழகுவதற்குச் சரியான அளவுகோல்.

அப்படித்தான் 'கேட்குதா?' பாட்காஸ்ட் பிறந்தது. சனிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சோதனை அறைக்குள் உட்கார்ந்து போனில் பதிவு செய்வாள். முதலில் அந்தப் பாட்டு. "குழல் கேக்குதா? தபேலா கேக்குதா? ரெண்டும் கேக்கற வரைக்கும் சத்தத்தைச் சரி பண்ணிக்கங்க" என்பாள். அப்புறம் சாவிக்கொத்து, குழாய், கதவு என்று ஒவ்வொரு சத்தமாகப் போட்டு என்னவென்று கேட்பாள். அப்புறம் கடை வாடிக்கையாளர் ஒருவரோடு நிறுத்தி நிதானமாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எத்தனையோ வீடுகளில் மெஷின்கள் டிராயரை விட்டு வெளியே வந்தன. அண்ணன் வீட்டிலும் வந்தது. தன் குரலில் இப்படி ஒன்று ஓடுகிறது என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒருநாள் பாட்காஸ்ட் தளத்திலிருந்து மெயில் வந்தது. பிறர் உரிமையுள்ள ஒலிப்பதிவைப் பயன்படுத்தியதாகப் புகார் வந்திருக்கிறது, ஒரு பகுதியை நீக்கிவிட்டோம் என்றார்கள். காதம்மா சிரித்தாள். லைசென்ஸ் இருக்கும்போது என்ன பயம்? வெளியே போய்க் கண்ணாடிக் கதவு ஸ்டிக்கரை வருஷமும் முத்திரையும் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினாள். அவள் பங்குக்கு எவ்வளவு கவனம் என்றால், பாட்டை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுகிற வேலையே வைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். லைசென்ஸ் உள்ள ஸ்பீக்கரில் ஓடினால் லைசென்ஸ் உள்ள பாட்டுதானே என்பது அவள் கட்சி. இதனால் பாட்டுக்கு நடுவே நாற்காலி கிறீச்சிடும். ஒரு பகுதியில் யாரோ தும்மியதும் பதிவாகி, நேயர்கள் அதையும் சரியாகக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள்.

ஸ்டிக்கர் எடுபடவில்லை. முதலாளி ஆறுதல் சொன்னார். "பத்து செகண்டுக்குள்ள இருந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஊருக்கே தெரிஞ்ச விஷயம் இது."

அவள் பாட்டை வெட்டிப் பத்து வினாடி ஆக்கினாள். குழல் வந்தது, தபேலா வருவதற்குள் முடிந்துபோனது. அதற்கும் புகார் வந்தது. இந்த முறை மெயிலில் இன்னொரு வரி இருந்தது. மூன்றாவது முறை நடந்தால் நிகழ்ச்சி மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள்.

அந்த வாரம் வக்கீலம்மா வந்தார். இரண்டு காதிலும் மெஷின் போட்டு கோர்ட்டில் வாதாடுகிறவர். இடது மெஷின் விசிலடிக்கிறது என்று வந்தவரிடம், மெஷினிலிருந்து காதுக்குப் போகும் குழாயை மாற்றிக்கொண்டே காதம்மா தன் வழக்கையும் சொன்னாள்.

"அந்த ஸ்டிக்கர் எதுக்குன்னு நினைச்சே?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"பாட்டுப் போடறதுக்கு."

"எங்க?"

"கடையில."

"அவ்வளவுதான். இந்த நாலு சுவத்துக்குள்ள உட்கார்ந்திருக்கறவங்க காதுல விழறதுக்கு. நீ என்ன பண்றே? பாட்டை உன் பேச்சோட ஒட்டி, ஆளுக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுத்து அனுப்பறே. அது வேற உரிமை. அதை உனக்கு யாரும் தரல."

"நான் அதுல சல்லிக்காசு சம்பாதிக்கலம்மா."

"சம்பாதிக்கலன்னா அவங்களுக்குக் கோபம் கொஞ்சம் கம்மியா இருக்கும். உரிமை அவங்களோடதுதான்."

"எழுதினவர், பாடினவங்க, எல்லார் பேரையும் சொல்லிட்டுத்தான் போட்டேன்."

"அடுத்தவன் சைக்கிளை எடுத்துக்கிட்டு, இது இன்னாரோட சைக்கிள்னு மணியடிச்சுச் சொல்லிட்டே ஓட்டினா சரியாப் போயிடுமா?"

"கடைசியில பத்து செகண்டுதான் போட்டேன்."

"அப்படி ஒரு கணக்கு எந்தச் சட்டத்துலயும் இல்ல. யார் சொன்னா உனக்கு?"

முதலாளி திடீரென்று பேட்டரி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார்.

வக்கீலம்மா போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ஒரு பாட்டு என்பது ஒரு சொத்து அல்ல, இரண்டு. மெட்டும் வார்த்தையும் ஒரு சொத்து; அதை உண்டாக்கியவர்கள் பக்கம் அது இருக்கும். அதை ஸ்டுடியோவில் பாடிப் பதிந்தது இன்னொரு சொத்து. அது இசைத்தட்டுக் கம்பெனி கையில். இரண்டு பேரையும் கேள், யாராவது ஒருவராவது மனசு வைத்தால் அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அவள் இரண்டு பக்கமும் எழுதிப் போட்டாள். எதற்கு இந்தப் பாட்டு, யார் கேட்கிறார்கள், குழல் எதற்கு, தபேலா எதற்கு என்று மூச்சுவிடாமல் எழுதினாள். கம்பெனியிலிருந்து உடனே பதில் வந்தது: அந்தப் பதிவைப் பாட்காஸ்டுக்குத் தருவதில்லை. மறுபக்கம் கிணற்றில் போட்ட கல்.

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியுமா? பழைய பகுதிகள் எல்லாவற்றிலிருந்தும் பாட்டைத் தானே உட்கார்ந்து வெட்டி எடுத்தாள். அந்த இடத்தில், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் கிடைக்கிற இலவச இசையைப் போட்டாள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது, நல்ல காது உள்ளவர்களுக்கு. நேயர்கள் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். எதற்கு அளவு வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்றார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. கேட்டே இராத இசையில் குழல் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணன் மெயில் எல்லாம் எழுதுகிற ஆளில்லை. மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

"மெஷின் போச்சு," என்றார், அவள் போனபோது.

அவள் சோதித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. கண்முன்னே புது பேட்டரியும் போட்டாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி வாயை அகலமாகத் திறந்து, "மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணா. பாட்டைத்தான் மாத்தியிருக்கேன்" என்றாள்.

"பாட்டுல ஒண்ணுமே விளங்கல. நீ பேசறதும் விளங்கல. போச்சுன்னா போச்சு. விடு."

அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை. உண்மையில் அவருக்கு அலுத்துப்போயிருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துப் பிடித்துக் கேட்பது வேலைதானே. கையிலிருந்த ஒரு பிடிமானமும் போனதும் விட்டுவிட்டார். அண்ணி பழையபடி கையை ஆட்டியும் தோளைத் தட்டியும் குடும்பம் நடத்தினாள். பேசுவது குறைந்தது. தேவைப்பட்டதை மட்டும் சைகையில் சொல்லிக்கொண்டால் போதும் என்று வீடு சுருங்கிவிட்டது.

பிறகு குளியலறைத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. அண்ணி உள்ளே. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அண்ணன் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடி வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து அவர் தோளை உலுக்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கதவை உடைத்து அண்ணியை வெளியே கொண்டுவந்தார்கள். அண்ணன் அன்று முழுவதும் தாழ்ப்பாளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் தாழ்ப்பாள். நாளைக்கு நான் கீழ விழுந்து கிடந்தா?" என்று அண்ணி போனில் கேட்டாள். "அவரு கிட்ட என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்ல. பாட்டு வந்தாத்தான் போடுவேங்கற மாதிரி உட்கார்ந்திருக்காரு. நீ எப்படியாவது அந்தப் பாட்டைக் கொண்டு வா."

காதம்மாவுக்கு அழுகையாக வந்தது. சட்டத்தின் மேலும் கோபம், அண்ணன் மேலும் கோபம், ஸ்டிக்கரைக் காட்டி நியாயம் கேட்ட தன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

பாட்டை எழுதியவர்கள் பக்கத்திலிருந்து பதில் வந்தபோது அவள் ஒரு பெரியவர் காதில் களிம்பு விட்டுக் காய்வதற்காகக் காத்திருந்தாள். இரண்டு முறை படித்தாள். பயிற்சி நிகழ்ச்சி என்பதால் மெட்டையும் வார்த்தைகளையும் பயன்படுத்த அனுமதி தருகிறோம். பழைய பதிவைத் தொடக் கூடாது. புதிதாகப் பாடிப் பதிந்துகொள்ள வேண்டும். வார்த்தையை மாற்றக் கூடாது, மெட்டை மாற்றக் கூடாது, பெயர்களைச் சொல்ல வேண்டும். பெரியவர் தன் காதில் ஏதாவது கோளாறோ என்று பயந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரைப் பாட வைப்பது? முதலாளி தனக்குத் தெரிந்த கச்சேரிப் பாடகர் பெயர் ஒன்றைச் சொன்னார். முதலாளி சொல்லி இதுவரை உருப்பட்டது எதுவும் இல்லை என்பதால் அவள் அண்ணியிடம் போனாள். அண்ணிக்கு நல்ல குரல். கல்யாணமான புதிதில் அண்ணனும் அண்ணியும் அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுவதை அவளே பார்த்திருக்கிறாள். அண்ணனுக்குக் காது போனபிறகு அண்ணி பாடுவதை விட்டுவிட்டாள். யாருக்காகப் பாடுவது என்று ஒருமுறை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டு உள்ளறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மெத்தையால் அடைத்துவிட்டுப் பதிவுக்கு உட்கார்ந்தார்கள். வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கடன் வாங்கிய சின்ன கீபோர்டில் காதம்மா ஒற்றை விரலால் குழல் வரும் இடத்தைத் தட்டினாள், தபேலாவுக்கு மறு கையால் அட்டைப்பெட்டி. அண்ணன் கதவோரம் ஸ்டூலில் பேப்பரும் கையுமாக இருந்தார். மெஷின் பெட்டியில்.

"ஆம்பளைக் குரல் வர்ற இடத்தையும் நீங்களே பாடிடுங்க அண்ணி."

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் வரி நடுங்கியது, இரண்டாவது நிலைத்து நின்றது. அண்ணன் பேப்பரைத் தாழ்த்தி அவள் உதட்டைப் பார்த்தார். என்ன பாட்டு என்று பிடித்துக்கொண்டார். ஆண் குரல் வர வேண்டிய இடத்தில், யாரும் கேட்டுக்கொள்ளாமலே, பாடத் தொடங்கிவிட்டார்.

வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. மெட்டு மட்டும் அவர் இஷ்டத்துக்குப் போனது. மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனார், இழுக்க வேண்டிய இடத்தில் வெட்டினார். உதட்டைப் பார்த்துப் பாடியதால் எப்போதும் அரை அடி பின்னாலேயே வந்தார். மெட்டை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையை அவர் வரிக்கு வரி மீறிக்கொண்டிருந்தார். காதம்மா சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

முடிந்ததும் அவர் போனை நோக்கிக் கையை நீட்டினார். "எங்கே, போடு பாப்போம்."

"மெஷின் இல்லாம எப்படிக் கேப்பீங்க?" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து மாட்டிக்கொண்டு வந்தார். அவள் பாட்டை ஓடவிட்டாள். தன் குரல் வந்த இடத்தில் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இது நானா?"

"நீங்கதான்."

"இவ்வளவு மோசமாவா பாடறேன்? ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"எத்தனையோ தடவை சொன்னேன்," என்றாள் அண்ணி. "உங்க காதுலதான் விழல."

அவர் மெஷினைச் சரியாக அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "இன்னொரு தடவை பாடுவோம். இப்போ ஒழுங்காப் பாடறேன். பதிவு பண்ணிக்க."

குழல் இடம் முடிந்து அண்ணி எடுத்தாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை, ஆனால் மேலே போகும்போது லேசாகக் கரகரத்தது. அண்ணன் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் முறை வந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. காதம்மா கையைக் காட்டினாள், அதையும் கவனிக்கவில்லை. அட்டைப்பெட்டித் தாளம் மட்டும் தட்டிக்கொண்டே போனது. அண்ணி தயங்கி, அவருக்கான இடத்தை அப்படியே விட்டு, தன் இடம் வந்ததும் எடுத்துக்கொண்டாள். கடைசிவரை அப்படியே போனது.

பாட்டு முடிந்தபின் அவர் கேட்டார். "உன் குரல் எப்போ இப்படி ஆச்சு?"

"எப்படி?"

"வயசாயிருக்கு."

"ஒரே நாள்லயா ஆச்சு? கொஞ்சம் கொஞ்சமா ஆச்சு," என்றாள் அண்ணி.

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. காதம்மா எழுந்து போய் ஜன்னலிலிருந்த மெத்தையை எடுத்தாள்.

மறுபடி எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த 'கேட்குதா?' அந்தப் பாட்டோடுதான் போனது. எழுதியவர் பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் முறைப்படி சொன்னாள். புகார் எதுவும் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். குழல் கேட்கிறது, தாளம் கேட்கிறது, பெண் குரல் நன்றாகக் கேட்கிறது. ஆண் குரல் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை, மெஷின் கெட்டுவிட்டதா?

"உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்று அவள் ஒவ்வொருவரிடமும் சத்தமாகச் சொன்னாள். "அந்த இடத்துல எங்க அண்ணன் கேட்டுக்கிட்டு இருக்காரு."